பெரும்பாக்கம் எவ்வளவு தூரம்?

அம்மா அதிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். ஐந்தே காலுக்கெல்லாம் ஆறாவது மாடியிலிருந்து இறங்கி பெரும்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். லிஃப்ட் ஓடாத நாளில் இன்னும் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். முட்டி வலி, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் இறங்க முடியும். அந்த நேரத்தில் நிறுத்தத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் ஒயர் கூடை, அதற்குள் ஒரு டப்பா சோறு, ஒரு மாற்றுப் புடவை. கோட்டூர்புரம், அடையாறு, மந்தைவெளி, மயிலாப்பூர் என்று பிரிந்துபோய், ஆளுக்கு மூன்று நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, மதியம் தாண்டித் திரும்புவார்கள்.

சைதாப்பேட்டையில் அடையாற்றுக் கரையில் நாங்கள் குடியிருந்தபோது இதே வேலைக்கு அம்மா நடந்துதான் போனார். பாலத்தைத் தாண்டினால் வேலை வீடு. இடையில் ஒருமுறை வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடியும் போவார். "முன்னாடி வேலைக்குப் போய்ட்டு வந்தேன். இப்ப போய்ட்டு வர்றதே ஒரு வேலையா இருக்கு" என்பார். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். அந்த வண்டியை இருபது கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு வந்து பெரும்பாக்கத்தில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அது பெரும்பாலும் நின்றே கிடந்தது. சரக்கு ஏற்றச் சொல்ல அங்கே கடைத்தெரு இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பள்ளி ஆண்டு பாதியில் இருந்தது. லாரி வந்தது, டோக்கன் கொடுத்தார்கள், ஏறச் சொன்னார்கள். ஆற்றை மீட்கப் போகிறோம், உங்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள்.

இன்று "நீடித்த வளர்ச்சி", "பசுமை நகரம்", "எல்லோரையும் உள்ளடக்கிய நகரம்" என்ற சொற்களை எந்தத் திட்ட அறிக்கையைத் திறந்தாலும் பார்க்கலாம். அந்த நோக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவற்றை அளக்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். இந்த நகரத்தைத் துடைத்து, பெருக்கி, சுமந்து, கட்டி எழுப்புகிறவர்கள் இரவில் படுக்கும் இடம் அவர்களுடைய வேலையிலிருந்து எவ்வளவு தூரம்? தூரம் கூடிக்கொண்டே போனால் நடப்பது சாதியின் பழைய வேலைதான். ஊருக்கு வெளியே சேரியை வைத்த அதே கை, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி கட்டுகிறது.

நகரம் தந்த வாக்கு

கல்லூரி முடித்து நான் போன முதல் நேர்முகத் தேர்வு ஒரு தனியார் நிறுவனத்தில். என் விண்ணப்பத்தைப் புரட்டியவர் முகவரியில் நின்றார். "பெரும்பாக்கம்னா... அந்த ஹவுசிங் போர்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அடுத்த நேர்முகத்துக்குத் தாம்பரத்தில் இருக்கும் நண்பனின் வீட்டு முகவரியை எழுதிக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் முகவரி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அதற்குச் சரியாக நூறு ஆண்டுக்குமுன் ஒருவர் தன் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர வந்த அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். சில நாட்களில் விஷயம் தெரிந்து, கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அன்று மாலைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனது. வேறு வீடு தேடி அலைந்தார், யாரும் தரவில்லை. ஒரு பொதுப் பூங்காவில் துயரத்தோடு உட்கார்ந்திருந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நம்முடைய தலைவரும் வீடு காலி செய்யப்பட்டவர்தான்.

அப்படியும் அம்பேத்கர் நகரத்தைக் கைவிடவில்லை. கிராமத்தை இந்தியாவின் ஆன்மா என்று மற்றவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியின் இருப்பிடமாகவே பார்த்தார். பெரியாரும் கிராமத்தைச் சீர்திருத்துவதை விட, கிராமம் என்ற அமைப்பே இல்லாமல் போக வேண்டும் என்ற பக்கம்தான் நின்றார். காரணம் எளிமையானது. கிராமத்தில் நீ யார், உன் தெரு எது, உன் கிணறு எது என்று எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் உன்னோடு பேருந்தில் ஒட்டி நிற்பவனுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமைதான் நகரம் நமக்குத் தந்த முதல் விடுதலை.

இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், குடியேறலாம் என்கிறது அரசியலமைப்பின் பத்தொன்பதாவது பிரிவு. நம் பாட்டன் பூட்டன்கள் அந்தப் பிரிவு எழுதப்படுவதற்கு முன்பே குடியேறிவிட்டார்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் தந்த அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போயின. நிலம் போனவர்கள் மதராஸ் பட்டணத்துக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள், ஆலைகளில் வேலை செய்தார்கள், சாலை போட்டார்கள், சாக்கடை வெட்டினார்கள். அதற்கும் முன்பே வந்தவர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பட்டணத்தின் வரைபடங்களில் கறுப்பர் நகரத்தை ஒட்டிப் பறைச்சேரி இருக்கிறது. கோட்டையைக் கட்டியவர்கள் கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். இவர்களைத்தான் இன்று "ஆக்கிரமிப்பாளர்" என்கிறார்கள்.

யாருடைய ஆக்கிரமிப்பு?

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தியாகராய நகர் எங்கே இருக்கிறது? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, 1920களில் அந்த நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் இறங்கியிருக்கின்றன. வேளச்சேரி வரை ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகக் கீழே பாருங்கள், கால்வாயை அடைத்துக்கொண்டு நிற்பது குடிசையா தூணா என்று தெரியும்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம். அதில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதி. மீதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வந்தது, சாலைகள் வந்தன, தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் கல்வி நிறுவனங்களும் வந்தன. எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் சதுப்பை விழுங்கிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு "வரன்முறைப்படுத்துதல்" என்றொரு சொல் இருக்கிறது, "திட்ட அனுமதி" என்றொரு சொல் இருக்கிறது. ஆற்றங்கரைக் குடிசைக்கு மட்டும்தான் "ஆக்கிரமிப்பு" என்ற சொல் மிச்சம்.

எங்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்று கொண்டுபோய் விட்ட இடம் எது? அந்தச் சதுப்பு நிலத்தின் தெற்கு ஓரம். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் மழைக்கு மழை தண்ணீர் நிற்கும் பகுதிகள். 2015இல் நின்றது, 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் நின்றது. ஆற்றங்கரையில் வெள்ளம் வந்தால் பாலத்தின் மேல் ஏறி நிற்போம், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம் திறந்துவிடுவார்கள், வேலை செய்யும் வீட்டம்மா அரிசி கொடுத்து அனுப்புவார். இங்கே மாடியில் உட்கார்ந்து சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ள ஆபத்து உண்மையான காரணமாக இருந்திருந்தால் அடுத்த கேள்வி "பாதுகாப்பான இடம் எது" என்பதாக இருந்திருக்கும். இங்கே கேட்கப்பட்டது "மலிவான இடம் எது" என்ற கேள்வி.

சட்டம் இருந்தது

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. இளைய தோழர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம்மிடம் "வேறு வழியே இல்லை" என்று சொல்லும்போது பதில் சொல்ல இது உதவும்.

1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியத்தின் முக்கிய வேலை, குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகிலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுப்பது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் புளியந்தோப்பிலும் சேத்துப்பட்டிலும் இன்றும் நிற்கும் பழைய ஹவுசிங் போர்டுகளைப் பாருங்கள். சுவர் பெயர்ந்திருக்கும், குழாயில் தண்ணீர் வராது, ஆனால் இடம் நகரத்தின் நடுவில். அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் நடந்தே கல்லூரிக்குப் போக முடிந்தது. 1970களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டங்களிலும்கூட, பல குடிசைப் பகுதிகளுக்கு இருந்த இடத்திலேயே தண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கு தந்து மனையை உரிமையாக்கும் ஏற்பாடு இருந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான பூட்டு உண்டு. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால் அங்கே இருப்பவர்களை இஷ்டத்துக்குக் காலி செய்ய முடியாது, அடிப்படை வசதிகளும் செய்து தர வேண்டும். 1971இல் 1,202 பகுதிகள் கணக்கெடுக்கப்பட்டு அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் பதினேழு. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாகச் சென்னையில் புதிய அறிவிப்பே இல்லை. நகரமோ பல மடங்கு வளர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் சுமார் 13 லட்சம் பேர், கிட்டத்தட்ட பத்தில் மூவர், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அறிவிப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அறிவிக்கப்படாத இடத்தில் பிறந்த குழந்தை பிறக்கும்போதே ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட்டது.

2000க்குப் பிறகு கதை முழுக்க மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஒன்றன் பின் ஒன்றாக எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000 வீடுகளுக்குமேல் திட்டமிடப்பட்டன. ஒவ்வொரு வீடும் நானூறு சதுர அடியை எட்டாது. நீதி கேட்டு ஒரு நகரத்தின் வாசலில் நின்ற பெண்ணின் பெயரை, நகரத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்தவர் அந்தக் கதையைப் படித்தாரா என்று நான் யோசித்ததுண்டு. 2021இல் குடிசை மாற்று வாரியம் "நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்" ஆனது. பெயரில் குடிசை போய் வாழ்விடம் வந்தது. நல்ல பெயர். வாழ்விடம் என்பது சுவரும் கூரையும் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதவரை நல்ல பெயர்.

இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த அடுக்குமாடிகள் எழுந்தபோது பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. அது ஒரு ஊராட்சி. தலைமுறை தலைமுறையாகப் பட்டணத்தில் இருந்தவர்கள், மேயரையும் கவுன்சிலரையும் தேர்ந்தெடுத்தவர்கள், ஒரே லாரிப் பயணத்தில் கிராமத்துவாசிகள் ஆனார்கள். அம்மா தினமும் பெருக்கும் தெருவின் வார்டில் அவருக்கு ஓட்டு இல்லை. கிராமத்தை விட்டு வெளியேறு என்று அம்பேத்கர் சொன்னார். வெளியேறி நூறாண்டு ஆன பிறகு நம்மைப் பிடித்து மறுபடியும் ஒரு ஊராட்சியின் ஓரத்தில் கொண்டுபோய் வைக்கிறது இந்தப் பசுமை.

நண்பர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

சூழலியல் பேசும் நண்பர்கள் என்னிடம் நேர்மையாகக் கேட்பார்கள்: "அப்படியானால் ஆறு வேண்டாமா? வெள்ளத்தில் சாகட்டும் என்கிறாயா?"

ஆறு வேண்டும். அதன் நாற்றத்தோடு வளர்ந்தவனுக்கு மற்ற எல்லோரையும் விட அதிகமாகவே வேண்டும். கரையை ஒட்டிய சில குடிசைகள் உண்மையிலேயே ஆபத்தானவை, நகர்த்தத்தான் வேண்டும். எங்கள் வீடு அப்படிப்பட்டதாகவே இருந்திருக்கலாம். நான் கேட்பது நகர்த்தாதே என்று அல்ல. எவ்வளவு தூரம் நகர்த்துகிறாய்? யாரிடம் கேட்டு நகர்த்துகிறாய்? எங்களோடு சேர்ந்து வேறு யாரை நகர்த்துகிறாய்? கூவத்தில் ஓடும் கறுப்புத் தண்ணீர் குடிசைகளிலிருந்து மட்டும் வந்ததல்ல, நகரம் முழுவதின் கழிவுநீர் அது. குடிசையை எடுத்த பிறகும் தண்ணீர் கறுப்பாகவே ஓடுகிறது என்றால் நோயை விட்டுவிட்டு நோயாளியை அப்புறப்படுத்தியிருக்கிறோம்.

அருகிலேயே இடம் தர முடியாது என்பதும் உண்மையல்ல. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வீடுகளை இடித்தபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு முதலமைச்சர் சட்டமன்றத்தில், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பை வரவேற்கிறேன். ஆனால் முந்தின நாள் வரை கிடைக்காத இடம் ஒரு மனிதர் எரிந்த மறுநாள் எப்படிக் கிடைத்தது? இடம் எப்போதும் இருந்தது. அதை நமக்குத் தருவதற்கு ஒரு உயிர் விலையாகக் கேட்கப்பட்டது.

இரண்டாவது கேள்வி இடதுசாரி நண்பர்களுடையது: "இது வறுமைப் பிரச்சினை. இதில் ஏன் சாதியைக் கொண்டு வருகிறாய்?"

கரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்ல. மீனவர்கள் உண்டு, இஸ்லாமியர்கள் உண்டு, பிற சாதி ஏழைகளும் உண்டு. சரி. ஆனால் ஆற்றில் சாக்கடையைக் கலந்தவர்கள், ஏரியைத் தூர்த்தவர்கள், சதுப்பில் கட்டடம் எழுப்பியவர்கள் யாரும் லாரியில் ஏற்றப்படாமல், சாக்கடையை அள்ளுகிறவர்கள் மட்டும் ஏற்றப்படுகிறார்கள் என்றால் அந்த வரிசையைத் தீர்மானிப்பது வருமானம் மட்டும்தானா? முகவரியைக் கேட்டதும் ஒருவர் முகம் மாறுகிறதே, அது என் சம்பளத்தைப் பார்த்து மாறியதா? சேரி என்ற சொல்லைச் சொல்லாமல் சேரியைச் சொல்ல இந்த நகரம் கற்றுக்கொண்ட சொல்தான் "ஹவுசிங் போர்டு". 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஊரே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு வியப்பும் கலந்திருந்ததைக் கவனித்தீர்களா? அந்த வியப்பின் பெயர்தான் சாதி.

நகரத்தைத் தாங்குபவர்கள்

நகரத்தை நீடிக்க வைப்பது யார்? கார்ப்பரேட் அறிக்கைகளில் இதற்குப் பதில் சூரியத் தகடும் மின்சாரக் காரும். தெருவில் பதில் வேறு. பேருந்திலும் சைக்கிளிலும் போகிறவர்கள், ஏசி இல்லாத வீட்டில் தூங்குகிறவர்கள், பழைய பேப்பர், பாட்டில், பிளாஸ்டிக் என்று குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறவர்கள். இவர்கள்தான் இந்த நகரத்தின் பசுமை. அவர்களுக்கு நகரம் தருவது என்ன?

2025 ஆகஸ்டில் சென்னையின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் நம் மக்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அவர்களுக்குக் காலை உணவுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கேட்டது வேலைப் பாதுகாப்பு, கிடைத்தது இட்லி. கொரோனா காலத்தில் கால் கழுவி மாலை போட்ட அதே கைகளுக்கு நடைபாதையில் உட்கார உரிமை இல்லை. ஆற்றங்கரையிலிருந்து வீட்டை எடுப்பதும் மாநகராட்சி வாசலிலிருந்து போராட்டத்தை எடுப்பதும் ஒரே பழக்கம்தான்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்குத் தடை போட்ட சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாக்கடைச் சாவுக்கு 2014இல் பத்து லட்சம் இழப்பீடு என்றது உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில் இந்தச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. பெரியார் மண் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இதைவிட வெட்கம் வேறென்ன?

இந்த நிலை மாறாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது. புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993இல் சங்கம் அமைத்தார்கள். பின்னர் "ஸ்வச்" என்ற கூட்டுறவை உருவாக்கி, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் வேலையைத் தாங்களே ஏற்றார்கள். அவர்களுக்கும் போராட்டங்கள் தீரவில்லை, ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் தனியார் நிறுவனங்கள் வாசலில் நிற்கின்றன. ஆனால் நடுவில் முதலாளி இல்லை. கேரளம் 2010இல் நகர்ப்புற ஏழைகளுக்கு வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்து அதற்கு அய்யங்காளியின் பெயரை வைத்தது. ஒடிசா 2017இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரும் சட்டம் இயற்றியது. சமூக நீதியைக் கண்டுபிடித்ததே நாம்தான் என்று மார்தட்டும் மாநிலம் ஒடிசாவிடம் பாடம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியது

முதலாவதாக, அறிவிக்கப்படாத குடிசைப் பகுதிகள் அனைத்தையும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பணம் வேண்டாம், கையெழுத்துப் போதும்.

இரண்டாவதாக, மறுகுடியமர்வுக்கு ஒரு தூர வரம்பு சட்டமாக வேண்டும். 2021இல் அரசு ஒரு வரைவுக் கொள்கையை மக்கள் கருத்துக்கு வைத்தது. கொள்கையை மீறினால் யாரும் நீதிமன்றம் போக முடியாது, சட்டத்தை மீறினால் போகலாம். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வாதாரம் என்பது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த வழக்கில் நடைபாதைவாசிகள் காலி செய்யப்படுவதைத் தடுக்கவில்லை. தீர்ப்பில் இருக்கும் உரிமை தெருவுக்கு வர வேண்டுமானால் கிலோமீட்டர் கணக்கு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். காலி செய்வதற்குமுன் அந்த மக்களின் ஒப்புதல் வேண்டும், பள்ளி ஆண்டின் நடுவில் ஒருபோதும் கூடாது.

மூன்றாவதாக, நிலம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், திட்டச் செலவு 63,246 கோடி ரூபாய். பொதுப் பணத்தில் வரும் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் நில மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் முழுவதும் மனை வைத்திருப்பவர்களுக்குப் போகிறது. நிலையங்களை ஒட்டிய அரசு நிலத்தில் ஏழைகளுக்கான வீடு என்பது சலுகை அல்ல, நம் வரிப்பணத்தின் பங்கு. அதிகம் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களை நிலையத்திலிருந்து தொலைவிலும், கார் வைத்திருப்பவர்களை நிலையத்துக்குப் பக்கத்திலும் குடிவைப்பது எந்த ஊர்ப் பசுமை?

நான்காவதாக, ஏற்கெனவே தள்ளப்பட்டவர்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2018 கட்டண உயர்வுக்குப் பிறகு அம்மாவின் சம்பளத்தில் கணிசமான பகுதி பேருந்துக்கே போனது. அந்தப் பணம் இன்று வீட்டில் தங்குகிறது. ஒரு நல்ல முடிவு என்ன செய்யும் என்பதற்கு இதை நான் எப்போதும் சொல்வேன். அந்தப் பேருந்துகள் போதிய அளவில் வர வேண்டும், இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கும் வர வேண்டும். பள்ளி, மருத்துவமனை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் மாநகராட்சி பொறுப்பேற்க வேண்டும். நகரத்துக்கு உழைப்பவர்களுக்கு நகரத்தில் ஓட்டு வேண்டும்.

ஐந்தாவதாக, தூய்மைப் பணியில் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும். பணி நிரந்தரமாகட்டும், இயந்திரம் வரட்டும். அந்த வேலைக்கும் ஒரு சாதிக்கும் இருக்கும் முடிச்சை அவிழ்க்கும் அடுத்த தலைமுறைப் படிப்புக்கு அரசு பொறுப்பேற்கட்டும்.

தோழர்களே, அடுத்த முறை ஒரு ஆறு மீட்கப்படுகிறது, ஒரு பூங்கா திறக்கப்படுகிறது, ஒரு கடற்கரை அழகாகிறது என்று செய்தி வந்தால் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இடிக்க நோட்டீஸ் ஒட்டிய அன்றே அந்தத் தெருவுக்குப் போங்கள். லாரி வந்த பிறகு போனால் அழுவதற்குத்தான் துணையாக இருக்க முடியும். உங்கள் அபார்ட்மென்டில் வேலை செய்யும் அக்காவிடம் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் போராட்டத்தின் முதல் ஆவணம் அதுதான்.

போன மாதம் என் அலுவலகத்தில் முகவரிச் சான்று புதுப்பிக்கச் சொன்னார்கள். தாம்பரம் முகவரியை அடித்துவிட்டு, பெரும்பாக்கம், பிளாக் எண், ஆறாவது மாடி என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பழைய முகவரிக் கதையையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலரைக்கு அலாரம் வச்சியா?" என்று கேட்டார்.